மறுபடி சொன்ன காதல் – 6: வாதவூரர் கைக்கு வந்த கதை

தமிழில் காதல் கதை எழுத நினைக்கிறவர்கள் ஒருமுறையாவது திருவாதவூருக்குப் போய்வர வேண்டும் என்பது என் கட்சி. மதுரை மாவட்டம், மேலூர் வட்டம். வயலும் கண்மாயும் சூழ்ந்த ஊர். நடுவில் திருமறைநாதர் கோயில். மாணிக்கவாசகர் பிறந்த ஊர் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் பிறந்த இடம் என்று ஊரார் காட்டுமிடத்தில் அவருக்கும் ஒரு கோயில் இருக்கிறது. கபிலரும் இந்த ஊர்க்காரர்தான் என்று பெரும்பற்றப்புலியூர் நம்பியின் திருவாலவாயுடையார் திருவிளையாடற் புராணம் சொல்கிறது. குறிஞ்சிப்பாட்டுப் பாடியவரும் திருக்கோவையார் பாடியவரும் ஒரே மண்ணில் பிறந்தவர்கள் என்றால், அந்த மண்ணில் கொஞ்ச நேரம் நிற்கத்தான் தோன்றும்.

இரண்டு பேரும் பாடியது ஒரே கதையை.

அந்தக் கதை தமிழனுக்குப் பாட்டி வாய்க் கதை மாதிரி. ஒரு மலை. மலைச்சாரலில் தினைப்புனம். கிளி ஓட்டப் பரணில் ஏறிய ஒரு பெண். கூடவே அவள் தோழி. எங்கிருந்தோ ஒருவன் வருகிறான். பார்க்கிறார்கள், ஒருவரிடம் ஒருவர் மனத்தை விடுகிறார்கள். பகலில் சந்திப்பு, இரவில் சந்திப்பு, வீட்டில் காவல், ஊரில் பேச்சு. கடைசியில் கல்யாணம், இல்லையென்றால் இருட்டோடு இருட்டாக இருவரும் கிளம்பிவிடுவார்கள். அவனுக்குப் பேர் கிடையாது, அவளுக்கும் கிடையாது. பேர் சொன்னால் அது அகப்பாட்டே ஆகாது என்பது தொல்காப்பியர் காலத்துச் சட்டம். இதே திருவாதவூர் ஓவாமலையில், சமண முனிவர்களுக்கு உறைவிடம் செய்து கொடுத்தவர்களின் பெயர்களைப் பாறையில் தமிழி எழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். இரண்டாயிரம் ஆண்டு கடந்தும் அவை நிற்கின்றன. தானம் செய்தவனுக்குப் பேர் உண்டு, காதலித்தவனுக்குக் கிடையாது. அதனால்தான் இந்தக் கதையை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ள முடிந்தது.

முதலில் கபிலர். ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்தக் குறிஞ்சிப்பாட்டைப் பாடினார் என்பது பாட்டோடு சேர்ந்து வரும் செய்தி. வேற்று மொழிக்காரன் ஒருவனுக்குத் தமிழ் என்றால் என்ன என்று காட்ட வேண்டும். அதற்கு அவர் எடுத்தது போரையோ கொடையையோ அல்ல, இந்தக் காதல் கதையை. 261 அடி. மெலிந்துபோன மகளைப் பார்த்துத் தவிக்கும் செவிலித்தாயிடம் தோழி உள்ளதைச் சொல்லிவிடுகிறாள். கதை முழுவதும் அந்த ஒரு பெண்ணின் வாயிலிருந்தே வருகிறது. வேட்டை நாய்கள் சூழ்ந்து பயமுறுத்தியது, அவன் வந்தது, மதயானை பாய்ந்தது, அவன் அம்பு விட்டது எல்லாம் மளமளவென்று போகின்றன. ஒரே ஓரிடத்தில் மட்டும் கபிலர் நின்றுவிடுகிறார். அருவியில் குளித்த பெண்கள் பூப்பறித்துப் பாறையில் குவிக்கும் இடம் அது. 99 பூக்கள், ஒன்றன்பின் ஒன்றாக. கதைக்கு அத்தனை பூ வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம். ஆனால் புதிதாகத் தமிழ் கற்கிறவன் முன்னால் மலையையே கொண்டுவந்து கொட்ட நினைத்த ஆசிரியருக்கு அது வேண்டியிருந்தது. மறுபடி சொல்லுகிறவன் தன் கதையை எங்கே ஆளுகிறான் என்று தெரிய வேண்டுமானால், அவன் எங்கே நிற்கிறான் என்று பார்த்தால் போதும்.

இனி வாதவூரர், அதாவது மாணிக்கவாசகர். அவர் கைக்கு இந்தக் கதை வந்தபோது அது பழங்கதை. காட்சிகள் எல்லாம் துறை துறையாக வகுக்கப்பட்டுவிட்டன. யார் பேசலாம், யாரிடம் பேசலாம், எப்போது பேசலாம் என்பதற்கெல்லாம் இலக்கணம் வந்துவிட்டது. காட்சிகளை வரிசையாகக் கோத்துப் பாடும் கோவை என்ற வடிவமும் இருந்தது. இறையனார் களவியல் உரை எடுத்துக்காட்டும் பாண்டிக்கோவை அவருக்கு முற்பட்டது என்று கொள்வதே பெருவழக்கு. புதிதாகச் சேர்க்க இடமில்லாத கதை அது. பாண்டியனிடம் அமைச்சராக இருந்து, குதிரை வாங்கப் போன வழியில் திருப்பெருந்துறையில் எல்லாவற்றையும் விட்டுவிட்ட ஒருவர் அதில் என்ன செய்தார்?

பாண்டிக்கோவையின் பாட்டு ஒன்றை எடுத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். காதலன், காதலி, தோழி மூவருக்கும் பேர் இல்லை. ஆனால் ஒவ்வொரு பாட்டிலும் ஓர் ஓரத்தில் பாண்டியன் நெடுமாறன் வந்துவிடுவான். இன்ன போரில் வென்றவன், அவன் நாட்டு மலை, அந்த மலையில் வாழும் இந்தப் பெண் என்று ஏதாவதொரு அடைமொழியாக. நெல்வேலியில் பெற்ற வெற்றியும் சங்கமங்கை வெற்றியும் அப்படித்தான் பாட்டுக்குள் வந்தன. அரசனைப் புகழ ஒதுக்கிய இடம் அது. அந்த இடத்தில்தான் வாதவூரர் கை வைத்தார். திருக்கோவையாரில் பாண்டியனை எடுத்துவிட்டுத் தில்லைக் கூத்தனை வைத்தார். கதையின் ஒரு காட்சியைக்கூட மாற்றவில்லை, முடிவை மாற்றவில்லை. அரசனுக்கு ஊழியம் செய்த ஒருவர், அரசனுக்கென்று இருந்த இடத்தைத் தன் ஆண்டவனுக்குக் கொடுத்தார்.

மறுபடி சொல்ல வேறு வழிகளும் உண்டு. பிரான்சில் 'அழகியும் விலங்கும்' கதையை வில்நெவ் அம்மையார் 1740இல் நீண்ட நாவலாக எழுதினார். 1756இல் போமோன் அம்மையார் அதை வெட்டிச் சுருக்கினார். இன்று உலகம் சொல்லிக்கொண்டிருப்பது பெரும்பாலும் சுருக்கியவர் சொன்ன வடிவத்தை. நம் காலத்து எழுத்தாளர்கள் வில்லியைத் தலைவியாக்குகிறார்கள், முடிவைப் புரட்டுகிறார்கள். அவையெல்லாம் கதையின் எலும்பில் செய்யும் வேலை. வாதவூரர் வழி எலும்பைத் தொடாத வழி. எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இதுதான் கடினம்.

கடினம் என்றேன். கணக்கைப் பாருங்கள். கோவைக்கு உரிய கட்டளைக் கலித்துறையில் அடிக்கு ஐந்து சீர், பாட்டுக்கு நான்கு அடி. நேரசையில் தொடங்கும் அடியில் ஒற்று நீக்கி 16 எழுத்து. நிரையசையில் தொடங்கினால் 17. ஆக ஒரு பாட்டுக்கு 64 எழுத்து, மிஞ்சினால் 68. இதற்குள் ஒரு காட்சி நடக்க வேண்டும், பேசுகிறவர் யார் என்று தெரிய வேண்டும், தில்லையும் வர வேண்டும். இப்படி 400 பாட்டு, 25 அதிகாரம். கபிலர் 99 பூக்களைக் குவித்த கதையில் இவர் முதல் பாட்டில் வைப்பது ஐந்தே பூ: தாமரை, காவி, குமிழ், கோங்கு, காந்தள். அந்த ஐந்தும் சேர்ந்து ஒரு பெண்ணாகி நிற்கின்றன. ஐந்தும் ஐந்து திணைக்கு உரிய பூக்கள் என்று பொருள் கொள்வார்கள். அந்த ஐந்துக்கு நடுவே, மூச்சுவிடும் இடத்தில், தில்லை வந்துவிடுகிறது.

என்னை அதிகம் பாதித்தது 244ஆம் பாட்டு. மகள் காதலனோடு போய்விட்டாள். தேடிக்கொண்டு செவிலித்தாய் பாலை வழியில் நடக்கிறாள். எதிரே தூரத்தில் ஓர் ஆணும் பெண்ணும் சேர்ந்து வருகிறார்கள். நம் பிள்ளைகள்தான் திரும்பிவிட்டார்கள் என்று அவள் நெஞ்சு குளிர்கிறது. கிட்டே வந்ததும் வேறு யாரோ என்று தெரிகிறது. ஆனாலும் கேட்கிறாள்: உங்களைப் போலவே இரண்டு பேர் முன்னால் போனார்களா அப்பா? அந்த இளைஞன் சொல்கிறான்: சிங்கம் போன்ற ஒருவனைப் பார்த்தேன் அம்மா. அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். பக்கத்தில் போன பெண்ணை அவன் ஏறிட்டுப் பார்க்கவே இல்லை. அதனால் தன்னோடு வருகிறவள் பக்கம் திரும்பி, அருகில் ஒருத்தி போனதாக அன்னை சொல்கிறாரே, நீ பார்த்தாயா என்ற பொருளில் அவளைக் கேட்கிறான்.

இந்தக் காட்சி வாதவூரர் கண்டுபிடித்தது அல்ல. கலித்தொகையில் இதேபோல் ஒரு தாய் வழியில் அந்தணர்களைக் கேட்கிறாள். மலையில் பிறந்த சந்தனம் மலைக்கா பயன்படும் என்று அவர்கள் தத்துவம் சொல்லித் தேற்றுகிறார்கள். கோவையாரிலும் வேதியரைக் கேட்கும் பாட்டு இருக்கிறது. அதோடு நிறுத்தாமல், தேற்றுவதற்கு அறிவுரை எதுவும் தெரியாத இன்னொரு காதல் ஜோடியையும் தாய் முன்னால் நிறுத்துகிறது இந்தப் பாட்டு. அந்த இளைஞன் பார்க்காமல் விட்டதிலேயே தாய்க்கு ஆறுதல் கிடைத்துவிடுகிறது. தன் மகள் போன வழியில் இப்படிப்பட்டவர்களும் நடக்கிறார்கள் அல்லவா!

சரி, தில்லைக் கூத்தன் எங்கே? அந்தச் சிங்கத்துக்குள் இருக்கிறான். இளைஞன் வெறுமனே சிங்கம் என்று சொல்லவில்லை. புலியூரில், அதாவது தில்லையில், நின்று என்னை ஆண்டுகொண்டவனுடைய மலையில் வாழும் சிங்கம் என்கிறான். என்னை ஆண்டான்! திருவாசகம் முழுக்க வாதவூரர் அழுது சொன்ன சொல் அது. இங்கே அதை யாரோ ஒரு வழிப்போக்கனின் வாயில், ஓர் உவமைக்குள் இருக்கும் சிங்கத்தின் மலைக்கு அடைமொழியாக வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். தன் வாழ்க்கையின் பெரிய சம்பவத்தைக் கதைக்குள் வைக்க இதைவிட அடக்கமான இடம் இருக்க முடியாது.

அவர் நிற்கும் இடம் எது என்று பார்த்தால் அதுவும் இங்கேதான். 25 அதிகாரங்களில் மிகப் பெரியது உடன்போக்கு, 56 பாட்டு. மணவாழ்க்கையைச் சொல்லும் மணஞ்சிறப்புரைத்தலுக்கு ஒன்பதுதான். வீட்டைவிட்டுப் போகும் துணிவு, போன பிறகு பெற்றவர்கள் படும் பாடு, திரும்ப முடியாத வழி ஆகியவற்றில் அவர் தங்கிவிட்டார். பதவியும் ஊரும் விட்டுப் புறப்பட்ட ஒருவர் அங்கே தங்கியதில் எனக்கு வியப்பில்லை.

ஊரை விட்டாலும் மதுரையை அவர் விடவில்லை. பாங்கற்கூட்டத்தில், காதலில் விழுந்து இளைத்த தலைவனைப் பார்த்துத் தோழன் கேட்கும் 20ஆம் பாட்டு இருக்கிறது. உன் தோள் ஏன் மெலிந்தது? உயர்ந்த மதில் சூழ்ந்த கூடலில் ஆராய்ந்த தமிழின் துறைகளில் இறங்கிவிட்டாயா, இல்லை இசைக்குள் போய்விட்டாயா? தில்லையில் இருந்து பாடியதாக மரபு சொல்லும் நூலில், சங்க மதுரை இப்படி வந்து நிற்கிறது. தமிழ் படித்தாலும் ஆள் இளைப்பான், காதலித்தாலும் இளைப்பான், இரண்டையும் பார்த்தால் வித்தியாசம் தெரியாது என்று நினைத்த ஒருவர் எழுதிய வரி அது.

இந்த நூலைப் பற்றி ஒரு பழைய தனிப்பாடல் உண்டு. அந்தணர் இதை வேதம் என்பார்கள், யோகியர் ஆகமம் என்பார்கள், காதலர் காமநூல் என்பார்கள், புலவர் இலக்கணம் என்பார்கள் என்று போகும். தலைவன் உயிர், தலைவி சிவம், தோழி திருவருள் என்று ஒவ்வொருவருக்கும் தத்துவப் பொருள் சொல்லும் மரபும் நிலைத்திருக்கிறது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் முதலில் காதல் கதையாகப் படிக்காதவர்களுக்கு அந்தத் தத்துவமும் முழுசாகக் கிடைக்காது. செவிலியின் தவிப்பை உண்மையான ஒரு தாயின் தவிப்பாக உணராமல், அது எதைக் குறிக்கிறது என்று மட்டும் தேடினால், கவிஞர் 400 பாட்டில் உழைத்தது வீணாகிவிடும். பேராசிரியர் உரை இதற்கு நல்ல துணை. ஒவ்வொரு பாட்டிலும் யார், யாரிடம், எந்த நிலையில் பேசுகிறார் என்பதை முதலில் நிறுத்திவிட்டுத்தான் மேலே போவார்.

எட்டாம் திருமுறை வீட்டில் வைத்திருப்பவர்கள் பலர் திருவாசகம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். பின்னால் இருக்கும் கோவையாரைப் பிரியுங்கள். 1இலிருந்து தொடங்க அச்சமாக இருந்தால் 244இலிருந்து தொடங்குங்கள். காதல் கதை எழுதிக்கொண்டிருக்கும் இளையவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள்: 194 முதல் 249 வரை உடன்போக்கு அதிகாரம் முழுவதையும் உரையோடு ஒரே மூச்சில் படித்துவிட்டு, பிறகு உங்கள் கதைக்குத் திரும்புங்கள்.

அடுத்த வாரம்: பில்கணன் கதையைப் பாரதிதாசன் 'புரட்சிக்கவி' ஆக்கிய விதம்.

(தொடரும்)