மிதிவண்டி முன்சக்கர மைய விலகல்

மிதிவண்டி முன்சக்கர மைய விலகல் என்பது முன்சக்கரத்தின் ரிம், போர்க் எனப்படும் கவையின் இரு கால்களுக்கும் நடுவில் அமையாமல் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கும் பழுதாகும். இதனால் பிரேக் கட்டை ஒரு பக்கம் உரசும். வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

கோட்டமும் விலகலும்

சக்கரத்தைச் சுழற்றும்போது ரிம் இடமும் வலமுமாக ஆடினால் அது கோட்டம். ஆடாமல், சுற்று முழுவதும் ஒரே பக்கம் ஒதுங்கியிருந்தால் அது மைய விலகல். டயர் சரியாகப் பொருந்தாமல் இருக்கக்கூடும் என்பதால் அளவை ரிம்மிலிருந்தே எடுக்க வேண்டும்.

காரணம் அறிதல்

முதலில், வண்டியைத் தரையில் நிறுத்தி அச்சின் நட்டுகளைத் தளர்த்த வேண்டும். கைப்பிடியைக் கீழ்நோக்கி அழுத்தி, அச்சு இருபுறமும் கவையின் பிளவுகளில் முழுமையாகப் பொருந்தியபின் நட்டுகளை மாறிமாறி இறுக்க வேண்டும். பழுது இத்துடன் நீங்குவதும் உண்டு. சக்கரத்தைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் தெரிந்தால், கோனையும் சரிசெய்ய வேண்டும்.

பழுது நீங்காவிட்டால், ரிம்முக்கும் கவைக்கால்களுக்கும் இடையிலுள்ள இடைவெளியை அளக்க வேண்டும். இடப்புறம் 12 மி.மீ., வலப்புறம் 18 மி.மீ. எனில் வேறுபாடு 6 மி.மீ.; விலகல் அதில் பாதி, அதாவது இடப்பக்கமாக 3 மி.மீ. பிறகு சக்கரத்தைக் கழற்றி, இடவலம் மாற்றி மாட்டி, மீண்டும் அளக்க வேண்டும்.

• விலகல் வலப்பக்கம் மாறினால் பழுது சக்கரத்தில் உள்ளது.
• இடப்பக்கமே நீடித்தால் பழுது கவையில் உள்ளது.
• பக்கமோ அளவோ வேறுவிதமாக மாறினால் இரண்டிலும் இருக்கலாம்.

ரிம்மைப் பற்றும் பிரேக் உள்ள வண்டிகளுக்கே இச்சோதனை பொருந்தும்.

இச்சோதனை செய்யாமல் கம்பிகளை முறுக்கக் கூடாது. கவை வளைந்திருக்க, நல்ல சக்கரத்தை முறுக்கி நடுவுக்குக் கொண்டுவந்தால் கண்ணுக்குப் பழுது மறைந்துவிடும். ஆனால் கவையின் வளைவு அப்படியே இருக்கும், சக்கரமும் கெட்டிருக்கும்.

சக்கரத்தைச் சரிசெய்தல்

துருப்பிடித்த நிப்பிள்களுக்கு முதல் நாளே எண்ணெய் விட வேண்டும். ரிம் இடப்பக்கம் ஒதுங்கியிருந்தால், குடத்தின் இடப்புறத்திலிருந்து வரும் எல்லாக் கம்பிகளையும் கால் சுற்று தளர்த்தி, வலப்புறக் கம்பிகளை அதே அளவு இறுக்க வேண்டும். குடத்தின் பக்கமிருந்து பார்க்கையில், நிப்பிளை இடஞ்சுழியாகத் திருப்பினால் கம்பி இறுகும். வால்வுத் துளையில் தொடங்கினால் எண்ணிக்கை தவறாது. ஒவ்வொரு சுற்றுக்குப் பின்னும் அளந்து, தேவையானால் மீண்டும் செய்யலாம். இறுதியில் கோட்டமும் பார்க்க வேண்டும். நிப்பிளுக்கு மேல் நீண்ட கம்பி முனை டியூபைக் குத்தும். அதை அரத்தால் தேய்த்துவிட வேண்டும்.

கவையைச் சரிசெய்தல்

சற்றே வளைந்த எஃகுக் கவையைத் தேர்ந்த பட்டறையில் நிமிர்த்தலாம். அலுமினியக் கவையை நிமிர்த்தக் கூடாது. விரிசலோ, கால்கள் தொடங்கும் இடத்தில் வண்ணப்பூச்சுச் சுருக்கமோ தெரிந்தால், எந்தக் கவையானாலும் மாற்றிவிட வேண்டும். ஓட்டத்தில் கவை முறிந்தால் ஓட்டுபவர் தலைகுப்புற விழ நேரிடும்.