நூற்றில் ஒன்று

உத்திரமேரூர்க் கழனியில் சொர்ணவாரிப் பட்டத்து நெல் நிற்கிறது. அதில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் என்று ஒரு கட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். அங்கே விழும் வெயிலில் நெல் எவ்வளவைப் பயிராக மாற்றுகிறது? கணக்குப் போட்டுப் பார்க்கலாம், வாருங்கள்.

சராசரியாக ஒரு நாளில் அந்தக் கட்டத்தில் விழும் வெயிலின் ஆற்றல் 5 யூனிட்டுக்குக் குறையாது. கரண்ட் பில்லில் வருகிறதே, அதே யூனிட்தான். 110 நாள் பயிருக்கு 550 யூனிட். நன்றாக விளைந்தால் நெல்லும் வைக்கோலும் சேர்ந்து ஒன்றேகால் கிலோ தேறும். அதை எரித்தால் கிடைக்கும் வெப்பம் சுமார் ஐந்தரை யூனிட். நூறு பங்கு வெயிலில் ஒரு பங்குதான் பயிரில் தங்கியிருக்கிறது!

மீதி எங்கே போயிற்று? நாற்று சின்னதாக இருக்கும்வரை வெயில் பெரும்பாலும் சேற்றிலும் தண்ணீரிலும் விழுகிறது. இலையில் விழுவதிலும் ஏறக்குறைய பாதி, கண்ணுக்குத் தெரியாத கதிர்கள். பச்சையத்துக்கு அவை உதவாது. செடியின் சுவாசத்துக்கும் ஒரு பங்கு செலவாகிறது.

எனக்கு வியப்பாக இருப்பது இன்னொரு இழப்பு. காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்துத் தருவது ரூபிஸ்கோ என்ற நொதி. அது அடிக்கடி ஆளை மாற்றி ஆக்சிஜனைப் பிடித்துவிடும். அதைச் சரிசெய்வதற்குள், செடி ஏற்கெனவே சேர்த்த கரியமில வாயுவில் கொஞ்சம் வெளியே போய்விடுகிறது. சூடு ஏற ஏற இந்தத் தவறும் கூடும். கத்திரி வெயிலில் கேட்க வேண்டுமா!

பக்கத்துக் கழனிக் கரும்புக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு. கரும்புத் தோகையைக் குறுக்காக மெல்லியதாகச் சீவி, பள்ளி நுண்ணோக்கியில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு நரம்பைச் சுற்றியும் பெரிய செல்கள் வளையமாக நிற்கும். வெளியே இருக்கும் செல்கள், ஆக்சிஜனிடம் ஏமாறாத வேறொரு நொதியால் கரியமில வாயுவைப் பிடித்து, இந்த வளையத்துக்குள் அனுப்புகின்றன. ரூபிஸ்கோ இருப்பது அங்கேதான். சுற்றிலும் கரியமில வாயு நிறைந்திருப்பதால் அது தவறு செய்வது அரிது. இந்த வழியை 1966இல் ஆஸ்திரேலியாவில் ஹாட்ச், ஸ்லாக் இருவரும் கரும்பை ஆராய்ந்து விளக்கினார்கள். கேழ்வரகு, சோளம், வரப்பு அருகம்புல் எல்லாம் கரும்பின் கட்சி.

இந்த வளையத்தை நெல்லுக்குள் கொண்டுவர, பல நாட்டு விஞ்ஞானிகள் பாடுபடுகிறார்கள். இலையின் அமைப்பையே மாற்ற வேண்டியிருப்பதால் வேலை மெதுவாகத்தான் நடக்கிறது. ஆனால் இயற்கை இதைத் தாவரங்களில் தனித்தனியாக 60 தடவைக்கு மேல் செய்திருக்கிறது. நெல்லும் சேர்ந்த புல் குடும்பத்தில் மட்டுமே 20 தடவைக்கு மேல்!