மேலிருந்து பார்க்கும் பவளத்திட்டுத் தொட்டி

குனிந்து பாருங்கள். கரையில் நிற்கும் நாரைக்கும் மீன் இப்படித்தான் தெரியும். தண்ணீர் ஒளியை வளைப்பதால் 40 சென்டிமீட்டர் ஆழம் கண்ணுக்கு ஏறத்தாழ 30 ஆகத் தோன்றும். இந்தத் தொட்டி ஆழம் குறைந்து அகலம் கூடியதாக இருப்பதால் நீர் காற்றை நன்றாக வாங்குகிறது. ஆனால் இங்கே தாம்பரத்துச் சித்திரை வெயிலில் நீர் ஆவியாகி உப்பு தங்கிவிடும். குறைந்த அளவை நன்னீரால்தான் நிரப்ப வேண்டும். சூடு இன்னும் கொடியது. மன்னார் வளைகுடாவில் 2010, 2016 கோடைகளில் கடல் சூடேறித்தான் பவளங்கள் வெளுத்தன.

இங்குள்ள திட்டு சிமெண்ட் வார்ப்பு. கடலிலிருந்து பவளத்தைப் பெயர்த்தெடுப்பது குற்றம். 2001 முதல் கடினப் பவளங்கள் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அது மிகச் சரியான சட்டம். கோமாளி மீனுக்கோ கடலைத் தொடவே வேண்டியதில்லை: மண்டபத்திலும் பரங்கிப்பேட்டையிலும் ஆய்வாளர்கள் அதைப் பொரிப்பகத்திலேயே வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள்.