பாரசீகப் பூனையின் முடியும் மூக்கும் சிறுநீரகமும்

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிகளிலும் கிள்ளான் தரைவீடுகளிலும் 'பார்சி' என்று செல்லமாக அழைக்கப்படுவது பாரசீகப் பூனை. உருண்டை முகம், பெரிய கண்கள், குட்டைக் கால்கள், பஞ்சு போன்ற நீண்ட முடி. அதிகம் கத்தாது, அலமாரி உச்சிக்குத் தாவுவதைவிடச் சோபாவில் படுத்திருப்பதையே விரும்பும். வாடகை அறையில் தங்கிப் படிக்கும் மாணவர்களுக்கு இதன் மேல் ஆசை வருவது இயல்புதான்.

1620ஆம் ஆண்டு வாக்கில் இத்தாலியப் பயணி பியெத்ரோ தெல்லா வல்லே, பாரசீகத்தின் கொராசான் பகுதி நீளமுடிப் பூனைகளைப் பற்றி எழுதினார். ஆனால், இன்றைய பாரசீகப் பூனையின் மரபணு மேற்கு ஐரோப்பியப் பூனைகளுடன்தான் அதிகம் ஒத்துப்போகிறது. 1871இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த கண்காட்சியைத் தொடர்ந்து, பூனைகளை இனம் பிரித்து வளர்க்கும் மோகம் இங்கிலாந்தில் பரவியது. பெயர் பாரசீகம், வளர்ப்போ ஐரோப்பா!

அக்காலப் படங்களில் இதற்கு ஓரளவு மூக்கு உண்டு. இன்று காணும் சப்பை முகம், 20ஆம் நூற்றாண்டில் மனிதர்கள் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்ததன் விளைவு. அதற்கான விலையைப் பூனைதான் கொடுக்கிறது: மூச்சுத் திணறல், ஓயாமல் வழியும் கண்ணீர். நம் நாட்டு வெப்பத்தில், புழுக்கத்தில் அந்தச் சிரமம் கூடும். முடியைத் தினமும் சீவாவிட்டால் சிக்குப் பிடித்துத் தோல் புண்ணாகும்.

உயிரியல் படிப்பவர்கள் இங்கே மெண்டலை நினைவுகூரலாம். நீண்ட முடி ஒடுங்கு பண்பு. அதற்கான மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் வர வேண்டும். குட்டைமுடித் தெருப்பூனைகளுக்கு எப்போதாவது சடைக்குட்டி பிறப்பதும் இதனால்தான். இந்த இனத்தைப் பீடிக்கும் சிறுநீரக நீர்க்கட்டி நோய் நேர்மாறானது; அது ஓங்கு பண்பு. பெற்றோரில் ஒன்றுக்கு இருந்தாலே ஒவ்வொரு குட்டிக்கும் அது வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. பல நாட்டு ஆய்வுகளில், சோதிக்கப்பட்ட பாரசீகப் பூனைகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இந்நோய் காணப்பட்டது. குட்டியில் ஒன்றும் தெரியாது. கட்டிகள் மெல்ல வளர்ந்து, பெரும்பாலும் நடுவயதில்தான் சிறுநீரகம் செயலிழக்கத் தொடங்கும். குணப்படுத்த மருந்தில்லை.

இதைக் கண்டறிய மரபணுச் சோதனை இருக்கிறது. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தடவி எடுக்கும் மாதிரியே போதும். தாய், தந்தை இரண்டின் சோதனை முடிவையும் காட்டாதவரிடம், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும், நான் குட்டி வாங்க மாட்டேன்.