மூடிக்குள் ஒளிந்த கம்பஞ்சோறு

முதலிபாளையத்தில் காலை எட்டு மணிக்கெல்லாம் தாய்மார் பலர் பனியன் கம்பெனிக்குப் புறப்பட்டாக வேண்டும். ஆகவே பிள்ளைகளின் டிபன் பெட்டியில் கடைப் பொட்டலம் குடியேறியதில் வியப்பில்லை. அதற்காக அவர்களைக் குறைகூற நாம் துணியோம். நம்மை வருத்துவது வேறொன்று.

சென்ற மாதம் நம் வகுப்புச் சிறுவன் ஒருவன் பெட்டியின் மூடியைப் பாதியே திறந்து, ஒளித்து ஒளித்து உண்டான். உள்ளே கம்பஞ்சோறும் தயிரும்! காரணம் கேட்டோம். "எல்லாரும் சிரிப்பாங்க, சார்" என்றான்.

என்ன விந்தை! இந்தியா முன்மொழிய, ஐக்கிய நாடுகள் சபை 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடிற்று. உலகம் போற்றிய தானியத்துக்குக் கொங்கு நாட்டுப் பள்ளியிலா வெட்கம்?

நேரமில்லையே என்னும் தாய்மாருக்கு நம் ஊர் அரிசியும் பருப்புஞ் சோறு இருக்கிறது. அரிசி, துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகாய். எல்லாம் ஒரே பாத்திரத்தில் அரை மணியில் வெந்துவிடும். அரிசியில் குறைவுபட்ட புரதத்தைப் பருப்பு நிறைவு செய்யும். மற்றொரு நாள், முருங்கைக்கீரை சேர்த்த கேழ்வரகு அடையும் ஒரு நெல்லிக்காயும் வையுங்கள். கீரையின் இரும்புச் சத்து உடம்பில் சேர, நெல்லியிலுள்ள 'சி' வைட்டமின் துணைபுரியும். மாலைக்கு எள்ளுருண்டை. அதைக் குழந்தையையே பிடிக்கச் சொல்லுங்கள். தன் கையால் பிடித்ததை எந்தக் குழந்தையும் மறைக்காது, பிறருக்குக் காட்டவே விரும்பும்.

மறுநாள் நாமும் கம்பஞ்சோறு எடுத்துச் சென்றோம். அச்சிறுவன் பக்கத்தில் அமர்ந்து, மூடியை முழுவதும் திறந்து வைத்து உண்டோம். சற்று நேரம் பார்த்திருந்தான். பிறகு அவனும் திறந்தான்.