வைத்தியம் படித்த தளபதி



நான் காஞ்சிபுரத்தில் ஆசிரியராக இருந்தபோது, ஒருநாள் ஏழாம் வகுப்பில் பல்லவர் பாடம் நடத்தினேன். "வாதாபியை வென்றவர் யார்?" என்று கேட்டதும், வகுப்பே ஒரே குரலில், "நரசிம்மவர்மன்!" என்றது. கடைசி பெஞ்சில் இருந்த ஒரு பையன் மட்டும் எழுந்து, "ஐயா, ராஜா தனியாவா போனாரு? கூட யார் யார் போனாங்க?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நல்ல கேள்வி அல்லவா அது!

அந்தப் பையன் கேட்ட ஆளைப் பற்றித்தான் இன்று பார்க்கப் போகிறோம். அவர் பெயர் பரஞ்சோதி.

முதலில் சண்டை ஏன் வந்தது என்று தெரிந்துகொள்வோம். இன்று கர்நாடக மாநிலத்தில் பாதாமி என்று ஓர் ஊர் இருக்கிறது. அதுதான் அந்தக் கால வாதாபி, சாளுக்கியரின் தலைநகரம். சிவந்த பாறை மலைகள், அவற்றைக் குடைந்த கோயில்கள், நடுவில் பெரிய ஏரி என்று இன்றைக்கும் பார்க்க அழகான ஊர். அங்கே ஆண்ட இரண்டாம் புலிகேசி சாதாரண ஆள் இல்லை. வடக்கே பேரரசர் ஹர்ஷரையே தடுத்து நிறுத்தியவர். சீனப் பயணி யுவான் சுவாங் அவருடைய நாட்டுக்குப் போய்விட்டு வந்து எழுதியிருக்கிறார்: போருக்குப் புறப்படும் முன் அங்கே யானைகளுக்கு மது கொடுப்பார்களாம்! மதம் பிடித்தது போல ஓடி வரும் அந்த யானைக் கூட்டத்தின் முன்னால் யார் நிற்க முடியும்?

அந்தப் புலிகேசி, மகேந்திரவர்ம பல்லவர் காலத்தில் காஞ்சியை நோக்கிப் படையெடுத்து வந்தார். பல்லவ மன்னரைக் காஞ்சியின் மதிலுக்குள் ஒளிய வைத்ததாக அய்கொளெ கல்வெட்டில் பெருமையாக எழுதியிருக்கிறார்கள். அந்தக் கல்வெட்டின் காலம் கி.பி. 634. நம் பக்கத்துச் செப்பேடோ, புள்ளலூரில் எதிரிகளை மகேந்திரவர்மர் வென்றதாகச் சொல்கிறது. புள்ளலூர் காஞ்சிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. எதிரி வாசல் வரைக்கும் வந்துவிட்டான் என்று அர்த்தம். மதிலுக்குள்ளே உங்கள் வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர், இரவில் தூங்காமல் யானைகளின் பிளிறலைக் கேட்டுக்கொண்டு இருந்திருப்பார்கள்!

மகேந்திரவர்மருக்குப் பின் அவர் மகன் நரசிம்மவர்மர் அரசரானார். மாமல்லர் என்று பெயர் பெற்றவர் இவர்தான்; மாமல்லபுரம் இவர் பெயரில் உள்ள ஊர். புலிகேசியின் படை மறுபடியும் வந்தது. இந்த முறை பரியளம், மணிமங்கலம், சூரமாரம் என்று மூன்று இடங்களில் பல்லவர்கள் வென்றார்கள். மணிமங்கலம் தாம்பரத்துக்கு மேற்கே இன்றும் இருக்கிறது. இந்தச் செய்தியைச் சொல்லும் செப்பேடு கிடைத்த கூரமும் காஞ்சிக்குப் பக்கத்து ஊர்தான். அதில் ஒரு வேடிக்கையான வரி உண்டு. ஓடிய புலிகேசியின் முதுகைச் செப்பேடாக வைத்து, அதில் 'வெற்றி' என்ற சொல்லை நரசிம்மவர்மர் எழுதினாராம்!

எதிரியை விரட்டியதோடு பல்லவர்கள் நிற்கவில்லை. அவன் தலைநகருக்கே புறப்பட்டார்கள். காஞ்சியிலிருந்து பாதாமி 600 கிலோமீட்டருக்கும் மேல். லாரி கிடையாது, ரயில் கிடையாது. யானைக்கும் குதிரைக்கும் ஆளுக்கும் வழி நெடுகத் தண்ணீர் வேண்டும், தீனி வேண்டும். ஆறுகளைக் கடக்க வேண்டும். காயம்பட்டவனுக்கு மருந்து வேண்டும். வாளைச் சுழற்றுவது மட்டும் தளபதியின் வேலை இல்லை, குழந்தைகளே. இத்தனையும் பார்ப்பவர்தான் தளபதி.

பரஞ்சோதி இதற்குப் பொருத்தமானவர். திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்தில் உள்ள திருச்செங்காட்டங்குடிதான் அவர் ஊர். ஆயுர்வேத வைத்தியமும் வடமொழி நூல்களும் படித்தவர். ஆயுதப் பயிற்சி, யானையேற்றம், குதிரையேற்றம் எல்லாம் கற்றவர். உயிரைக் காக்கும் படிப்பையும் உயிரை எடுக்கும் படிப்பையும் ஒருவரே படித்திருக்கிறார், பாருங்கள்! இந்த விவரங்களைச் சொல்வது பெரியபுராணம். அதை எழுதிய சேக்கிழார் நம் குன்றத்தூர்க்காரர்.

கி.பி. 642-ல் வாதாபி விழுந்தது. புலிகேசி அந்தப் போரில் இறந்திருக்க வேண்டும் என்று வரலாற்று அறிஞர்கள் கருதுகிறார்கள். நகரம் தூளானது என்கிறது பெரியபுராணம். மணிகளும் யானைகளும் குதிரைகளுமாக எண்ணற்ற பொருள்களைக் கொண்டுவந்து பரஞ்சோதி மன்னர் முன் வைத்தாராம்.

இதன் பிறகு நடந்ததாகச் சேக்கிழார் சொல்வதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மன்னர் வியந்து புகழ்கிறார். அப்போது அமைச்சர்கள், "இவர் சிவனடியார். அதனால்தான் இவரை எதிர்க்க யாராலும் முடியவில்லை" என்கிறார்கள். மன்னருக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. 'ஐயோ, ஓர் அடியாரைப் போர்க்களத்துக்கு அனுப்பிவிட்டேனே! அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால்?' வென்ற தளபதியிடம் மன்னர் மன்னிப்புக் கேட்கிறார்! பரஞ்சோதியோ, "என் தொழிலைத்தானே செய்தேன். அதில் என்ன தீங்கு?" என்கிறார். மன்னர் நிறையப் பொருள் கொடுத்து, "இனி உங்கள் விருப்பம் போல் தொண்டு செய்யுங்கள்" என்று ஊருக்கு அனுப்பி வைக்கிறார்.

பரஞ்சோதி திரும்பவும் வாளைத் தொடவில்லை. செங்காட்டங்குடியில் மனைவி திருவெண்காட்டு நங்கையோடு வாழ்ந்தார். தினமும் அடியார் ஒருவருக்குச் சோறு போட்ட பிறகே தாம் சாப்பிடுவார். அடியார்கள் முன் தம்மை மிகச் சிறியவராக நடத்திக்கொண்டதால் ஊர் அவருக்குச் சிறுத்தொண்டர் என்று பெயர் வைத்தது. ஆயிரக்கணக்கான வீரர்களுக்குக் கட்டளையிட்ட மனிதருக்கு அந்தப் பெயர்! 63 நாயன்மார்களில் அவரும் ஒருவர். அவர் மகன் சீராளன் கதை ஒன்று உண்டு. கேட்கவே மனம் பதறும் கதை. அதை இங்கே சொல்லப் போவதில்லை. பெரியவர்களானதும் படித்துக்கொள்ளுங்கள்.

வாதாபியிலிருந்து அவர் பிள்ளையார் சிலை கொண்டுவந்தார் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பெரியபுராணத்தில் அப்படி எதுவும் இல்லை. அது பிற்காலத்தில் வழங்கி வந்த கதை. கல்கியின் 'சிவகாமியின் சபதம்' படித்தவர்களுக்கும் ஒரு வார்த்தை: அதில் வரும் பரஞ்சோதி அருமையானவர்தான். ஆனால் அது நாவல். பரீட்சையில் எழுதிவிடாதீர்கள்!

வாதாபி பல்லவர் கையில் பன்னிரண்டு ஆண்டுகள் போல இருந்தது. பிறகு புலிகேசியின் மகன் விக்கிரமாதித்தன் அதை மீட்டான். பின்னர் காஞ்சி மீதும் படையெடுத்து வந்தான். இப்படி அப்பன் சண்டை பிள்ளைக்கும், பிள்ளை சண்டை பேரனுக்கும் போய்க்கொண்டே இருந்தது. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து வந்த இரண்டாம் விக்கிரமாதித்தன் மட்டும் வேறு மாதிரி. காஞ்சிக்குள் நுழைந்தும் ஊரை அழிக்கவில்லை. கைலாசநாதர் கோயில் செல்வத்தைப் பார்த்தான். எடுக்காமல் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தான். அதைச் சொல்லும் கன்னடக் கல்வெட்டு அந்தக் கோயில் தூண் ஒன்றில் இருக்கிறது. காஞ்சிப் பிள்ளைகள் இந்த ஞாயிற்றுக்கிழமையே போய்ப் பார்க்கலாம்.

சரி, அந்தக் கடைசி பெஞ்ச் பையனுக்கு வருவோம். "கல்வெட்டுல பரஞ்சோதி பேரு இருக்கா ஐயா?" என்று அடுத்த கேள்வியும் கேட்டான். பாதாமியில் ஒரு பாறையில் பல்லவர் வெற்றியைப் பொறித்திருக்கிறார்கள். எழுத்து நிறையத் தேய்ந்துவிட்டது. அதில் தெரிவது மன்னர் பெயர்தான். தளபதியின் பெயர் வேறோர் இடத்தில் இருக்கிறது. அவர் காலத்திலேயே வாழ்ந்த திருஞானசம்பந்தர் செங்காட்டங்குடிக்குப் போய்ப் பாடிய தேவாரப் பதிகத்தில் அவரைச் சொல்கிறார். பரஞ்சோதி என்று இல்லை, சிறுத்தொண்டன் என்று.