நாற்பத்து நான்கு மாதக் கணக்கு

2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு தேங்காயின் விலை இருநூறு ரூபாயைத் தாண்டியது. கொம்பனித்தெருவில் ஒரு தென்னைக்கும் இடமில்லாமல் வாழும் எங்களைப் போன்றோருக்குத் தென்னந்தோட்டத்தின் நிலைமை அப்போதுதான் சம்பலில் தெரிந்தது. வறட்சி, வெண்ணிற ஈ, குரங்குகள் எனப் பல காரணங்கள் சொல்லப்பட்டன. அவற்றோடு இன்னொரு கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

தென்னையின் குருத்துக்குள்ளே பாளையின் முதல் அரும்பு தோன்றியதிலிருந்து தேங்காய் முற்றும் வரை ஏறத்தாழ 44 மாதங்கள் செல்கின்றன. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்தது. நவம்பரில் அது தளர்த்தப்பட்டாலும், பொருளாதார நெருக்கடியில் பசளை விலை சிறு தோட்டக்காரருக்கு எட்டாத உயரத்திற்குப் போனது. அந்த மே மாதத்திலிருந்து 44 மாதங்களை எண்ணிப் பாருங்கள், 2025 ஜனவரி வரும். இதுதான் ஒரே காரணம் என்று நான் வாதிடவில்லை. ஆனால் தென்னைக்குச் செய்ததன் பலனும் செய்யாததன் விளைவும் தெரிய ஆண்டுகள் ஆகும்.

அப்படியானால் தென்னையை ஆராய்வது எப்படி? உயர்தர வகுப்பில் நாங்கள் செய்யும் பரிசோதனை இரண்டு பாடவேளையில் முடிந்துவிடுகிறது. லுணுவிலயிலுள்ள தென்னை ஆராய்ச்சி நிறுவனத்தின் வேலை அப்படியல்ல. அங்கு நீண்டகாலமாக ஆராயப்படும் முறைகளுள் ஒன்று, தென்னை வரிசைகளுக்கிடையே கிளிரிசிடியா மரம் வளர்ப்பது. நாம் வேலிகளில் காணும் சீமைக்கிளுவைதான் அது. தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அரசு அதை அறிவித்துள்ளது. அதன் வேர்ச்சிறுகணுக்களில் வாழும் பற்றீரியாக்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பதிக்கின்றன. கிளைகளை வெட்டித் தென்னையின் அடியில் இட்டால் இலைகள் விரைவில் உக்கிப் பசளையாகின்றன.

யூரியாவின் இடத்தை இது பெருமளவு நிரப்பலாம். ஆனால் தென்னை அதிகம் கேட்பது பொற்றாசியத்தை. அதை எந்த மரமும் காற்றிலிருந்து எடுக்க முடியாது. மண்ணில் இருப்பதைத்தான் சுற்றிக் கொடுக்கும். எனவே, "இலை போதும்" என்பவரும் "இலையால் என்ன பயன்" என்பவரும் பல ஆண்டுகள் அளந்து பார்த்த பிறகே பேச வேண்டும்.

அந்த அளவீட்டைத் திட்டமிடுவதும் இலேசன்று. ஏக்கருக்கு 64 தென்னைகள். நட்ட முதல் ஐந்தாறு ஆண்டுகள் நிலத்தில் வெயில் விழும். பிறகு இருபது வயது தாண்டும் வரை ஓலைகள் மூடிக்கொள்ளும். மரம் உயர்ந்ததும் வெளிச்சம் மீண்டும் கீழே வரும். மூன்று வருட ஆய்வு இதில் ஒரு துண்டை மட்டுமே காணும். ஒரு துண்டத்தின் வேர் பக்கத்துத் துண்டத்துப் பசளையைக் களவாக உண்ணும் என்பதால், இடையே எண்ணிக்கையில் சேராத காவல் வரிசைகளும் வேண்டும். கன்று நடும் முன்பே மண் மாதிரி எடுக்காவிட்டால், பின்னர் மண் திருந்தியதா கெட்டதா என்று சொல்லவே முடியாது. இங்கிலாந்தின் றொதம்ஸ்ரெட்டில் 1843இல் தொடங்கிய கோதுமை ஆய்வு இன்றும் நடக்கிறது. பழைய மண் மாதிரிகள் அங்கே இன்னும் பாதுகாக்கப்படுகின்றன. மரம் நடுவதை ஸதகதுல் ஜாரியா என்கிறோம். மண்ணை உலர்த்திப் பெயரெழுதி, முகம் தெரியாத ஒருவருக்காக வைத்துச் செல்வதும் அதில் சேரும் என்றே எனக்குப் படுகிறது.

இந்த ஆய்வுகளில் தேங்காயை மட்டும் எண்ணினால் போதாது. கிளிரிசிடியாவை ஆண்டுக்குப் பலமுறை வெட்ட வேண்டும். ஒரு ஏக்கர் வைத்திருப்பவர் கூலி கொடுத்து வெட்டுவாரா? அதே வெட்டில் அடுப்புக்கு விறகும் ஆட்டுக்குத் தீனியும் கிடைக்கின்றன. வறட்சிக் காலத்தில் அம்மரம் தென்னையோடு தண்ணீருக்குப் போட்டியிடவும் கூடும். வெட்டியவரின் மணித்தியாலம், விறகுக் கட்டு, வறண்ட மாதத்து மண் ஈரம் ஆகிய மூன்றையும் தேங்காய் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே எழுதி வைத்தால், அந்த ஒரு ஏக்கர்க்காரர் தன் கணக்கைத் தானே போட்டுக்கொள்வார்.